சக்கரம் 50 மீட்டர் சுழன்றது, ரோவர் நகரவில்லை: மெரிடியானி மணலில் ஒரு வழிசெலுத்தல் தோல்வி

2005 ஏப்ரல் 26. செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் ஊர்ந்து ஆராயும் நாசாவின் ஆறு சக்கர ரோபோ வண்டியான ஆப்பர்சூனிட்டி ரோவருக்கு அன்று கொடுக்கப்பட்ட வேலை பெரிய வேலையே இல்லை. தெற்கு நோக்கி ஏறத்தாழ 90 மீட்டர் போக வேண்டும். எதிரே பள்ளமோ பாறையோ கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சின்னச் சின்ன மணல் திட்டுகள்தான். அதுபோன்ற திட்டுகளை அது அதற்கு முன் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறது. தரையிறங்கி அது 446ஆவது செவ்வாய் நாள்.

சுமார் 40 மீட்டர் போனதும் அது ஒரு திட்டின் மேல் ஏறியது. உயரம் 30 சென்டிமீட்டர், அகலம் இரண்டரை மீட்டர் அளவு. அங்கேயே ஆறு சக்கரங்களும் மணலுக்குள் இறங்கின. ஆனால் ரோவர் நிற்கவில்லை. மீதி 50 மீட்டருக்கான சுழற்சியையும் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே முடித்துவிட்டு, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொண்டன. பூமிக்கு வந்த படங்களைப் பார்த்த பிறகுதான் ஓட்டுநர் குழுவுக்கே விஷயம் தெரிந்தது: சக்கரங்கள் பெருமளவு புதைந்து கிடந்தன. அந்தத் திட்டுக்குக் குழு வைத்த பெயர் பர்கட்டரி.

ரோபோ வழிசெலுத்தல் என்றதும் பெரும்பாலும் பாதை தேடும் அல்காரிதம்களைப் பற்றித்தான் பேசுகிறோம். தடைகளுக்கு நடுவே மிகக் குறைந்த செலவில் போகும் கோடு எது என்பதுதான் பாடப்புத்தகக் கேள்வி. பர்கட்டரியில் அந்தக் கேள்வி எழவே இல்லை. பாதை நேர்கோடு, தடை ஒன்றும் இல்லை, திட்டத்திலும் பிழை சொல்ல முடியாது. தவறிப்போனது அதைவிட அடிப்படையான ஒன்று: ‘நான் இப்போது நகர்கிறேனா?’ அதை ரோவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்குப் பின்னால் நியாயமான பொறியியல் காரணங்கள் இருந்தன. இந்த நிகழ்வில் படிக்க வேண்டியது அவற்றைத்தான்.

ஒரு நாளைக்கு ஒரு கட்டளை

செவ்வாய் ரோவரை யாரும் ஜாய்ஸ்டிக் வைத்து ஓட்டுவதில்லை. சிக்னல் ஒருவழி போகவே சில நிமிடங்களிலிருந்து இருபது நிமிடங்களுக்கு மேல்வரை ஆகும். இதைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். நடைமுறையில் அதைவிடப் பெரிய கட்டுப்பாடு வேறு. காலையில் ஒரு தொகுதி கட்டளை போகும், ரோவர் பகல் முழுக்க அதன்படி வேலை செய்யும், பிற்பகலில் படங்களும் தரவுகளும் வரும், அவற்றைப் பார்த்து அடுத்த நாள் திட்டம் தயாராகும். நடுவில் ஏதாவது தப்பாகப் போனால் கையை நீட்டித் தடுக்க ஆள் கிடையாது. நிலவில் நிலைமை வேறு. 2023 ஆகஸ்டில் பிரக்யான் ரோவருக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்று தென்பட்டபோது, பூமியில் இருந்தவர்கள் படத்தைப் பார்த்து, வந்த வழியே திரும்பச் சொன்னார்கள், அதுவும் திரும்பியது. சில மீட்டர் போ, படம் அனுப்பு, காத்திரு என்று ஓட்டுவது நிலவில் கட்டுப்படியாகும். செவ்வாயில் அப்படி ஓட்டினால் ஒரு கிலோமீட்டர் போக ஒரு வருடம் ஆகிவிடும்.

அதனால் ஓட்டுநர்கள் கையில் மூன்று வழிகள் இருந்தன. முதல் வழியில் ரோவர் எதையும் பார்க்காது. ‘இவ்வளவு தூரம் நேராகப் போ, இவ்வளவு டிகிரி திரும்பு’ என்று சொன்னால் சக்கரச் சுழற்சியை எண்ணிக்கொண்டே போய்விடும். மணிக்கு 120 மீட்டர் அளவுக்கு ஓட்டலாம். இரண்டாவது வழியில், இரண்டு கண்களைப் போல ஜோடியாகப் படமெடுக்கும் ஸ்டீரியோ கேமராக்களால் எதிரே உள்ள தரையை அளந்து தடைகளைத் தவிர்த்துக்கொண்டு தானே போகும். கொஞ்சம் ஓடி, நின்று, படமெடுத்து, யோசித்து மறுபடி ஓடுவதால் வேகம் பல மடங்கு குறையும். மூன்றாவது வழி விஷுவல் ஓடோமெட்ரி. தான் எவ்வளவு நகர்ந்தோம் என்பதைச் சக்கரத்தை நம்பாமல் கண்ணால் அளப்பது. இதை விடாமல் பயன்படுத்தினால் மணிக்கு 10 மீட்டர் போனாலே அதிகம்.

ஏன் இவ்வளவு மெதுவாக? ரோவருக்குள் இருந்த செயலி 20 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 128 எம்பி. கதிர்வீச்சைத் தாங்கும் சிப் என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஒரு ஜோடிப் படத்தை எடுத்து, அதில் அடையாளம் சொல்லும்படியான சின்னப் புள்ளிகளைப் பொறுக்கி, சற்று நகர்ந்த பிறகு எடுத்த அடுத்த ஜோடியில் அதே புள்ளிகளைத் தேடிப் பொருத்தி, அவற்றின் இடம் மாறிய விதத்திலிருந்து தன் நகர்வைக் கணக்கிட அதற்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். இரண்டு படங்களிலும் ஒரே தரைப்பகுதி போதிய அளவு தெரிய வேண்டும் என்பதால் ஒரு தடவைக்கு முக்கால் மீட்டருக்கு மேல் நகரவும் கூடாது. முக்கால் மீட்டருக்கு மூன்று நிமிடம் என்றால் 90 மீட்டருக்கு ஆறு மணி நேரம். சூரியத் தகட்டு மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கு அது கட்டாது.

ஆகவே ஆட்கள் ஒரு விதியை வைத்துக்கொண்டார்கள். சரிவில் சறுக்கும், அதனால் பள்ளங்களுக்குள் இறங்கும்போது விஷுவல் ஓடோமெட்ரி கட்டாயம். சமதரையில் சறுக்காது, அங்கே வேகமாகப் போகலாம். எண்டூரன்ஸ் பள்ளத்துக்குள் மாதக்கணக்கில் இப்படித்தான் பத்திரமாக ஏறி இறங்கினார்கள். வெளியே வந்து சமவெளியில் தெற்கே விக்டோரியா பள்ளத்தை நோக்கிக் கிளம்பியதும் வேகம் கூடியது. 2005 மார்ச்சில் ஒரே நாளில் 220 மீட்டர் ஓடியது அன்றைய சாதனை. அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் பர்கட்டரி.

விதி தப்பு என்று சொல்ல மாட்டேன். அதுவரை கிடைத்த அனுபவம் முழுக்க அதை ஆதரித்தது. சரிவின் கோணம்தான் சறுக்கலைத் தீர்மானிக்கிறது என்பது அந்த அனுபவத்திலிருந்து வந்த அனுமானம். மண்ணின் தன்மையும் அதே அளவு தீர்மானிக்கும் என்பதைக் காட்ட அதுவரை ஒரு திட்டும் அமையவில்லை, அவ்வளவுதான்.

எந்த உணரியும் ஏன் கத்தவில்லை

ஒரு ரோபோ சிக்கிக்கொண்டதைக் கண்டுபிடிக்கப் பல உணரிகள் இருக்கின்றன. ஆப்பர்சூனிட்டியிலும் இருந்தன. ஒவ்வொன்றும் அன்று என்ன சொல்லியிருக்கும் என்று பார்த்தால் சிக்கலின் வடிவம் புரியும்.

சக்கர என்கோடர், சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதைச் சரியாகவே சொன்னது. மணலில் புதைந்த காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீடோமீட்டர் முள் முப்பதில் நிற்கும், கார் நின்ற இடத்தில் நிற்கும். முள் பொய் சொல்லவில்லை, அதன் வேலை அவ்வளவுதான். சுற்றை தூரமாக மாற்றியது நாம்.

அடுத்து முடுக்கமானி. விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போகாத வண்டியில், சீராக ஓடுவதற்கும் சும்மா நிற்பதற்கும் முடுக்கமானி பெரிய வித்தியாசம் காட்டாது. இரண்டிலும் முடுக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம். கைரோ திசை மாறினால் சொல்லும், ஆறு சக்கரமும் சேர்ந்து புதையும்போது திசை மாறுவதில்லை. சாய்வு அளவும் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் வண்டியை நிறுத்தும். 30 சென்டிமீட்டர் திட்டில் அந்த வரம்பை எட்ட வழியில்லை. மோட்டார் மின்னோட்டம் கல்லில் முட்டினால் எகிறும். பொடி மணலைக் கடைந்துகொண்டிருக்கும் சக்கரத்துக்கு அப்படி எகிறும் அளவுக்குத் தடை கிடையாது.

தடை கண்டறியும் கேமராக்கள் இயங்கியிருந்தால் பிழைத்திருக்குமா? அதற்கும் வாய்ப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த மென்பொருள் ஸ்டீரியோ படத்திலிருந்து தரையின் உயரங்களை எடுத்து, 20 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பெண் போடும். திடீர் மேடு இருக்கிறதா, சாய்வு எவ்வளவு, கரடுமுரடு எவ்வளவு என்பவைதான் அளவுகோல்கள். எல்லாமே வடிவம் பற்றியவை. பர்கட்டரியின் வடிவம் அதற்கு முன் தாண்டிய திட்டுகளின் வடிவத்தைப் போலத்தான் இருந்தது. உள்ளே இருந்த மண்தான் வேறு: மிக நுண்ணிய தூசு போன்ற மணல். அது சக்கரப் பற்களுக்கு நடுவே அடைத்துக்கொண்டு, பல்லுள்ள சக்கரத்தை மொழுமொழு உருளையாக்கிவிட்டது. இதைச் சொல்லும் எண் அந்த வரைபடத்தில் எங்கும் இல்லை.

ஆக, என்கோடரைத் தவிர மற்ற எல்லாம் ‘அசம்பாவிதம் ஒன்றும் இல்லை’ என்றன. என்கோடர் ‘போய்க்கொண்டிருக்கிறோம்’ என்றது. தன்னைச் சுற்றியுள்ள தரையோடு ஒப்பிட்டு ‘இல்லை, நிற்கிறோம்’ என்று சொல்லக்கூடிய ஒரே உணரி கேமரா. அன்று அது அந்த வேலைக்கு இயக்கப்படவில்லை.

வெளியே வந்த கதை

மீட்பு வேலை முக்கால்வாசி பூமியில்தான் நடந்தது. சிக்கியதும் அவசரப்பட்டு அடுத்த நாளே ஓட்டிப் பார்க்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் ரோவரை அப்படியே விட்டுவைத்தார்கள். அந்த இடைவெளியில் கலிபோர்னியாவின் பாசடீனாவில் உள்ள நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் சோதனை ரோவர் ஒன்றை மணல் தொட்டிக்குள் இறக்கிப் புதைத்தார்கள். சாதாரண மணல் அந்த அளவுக்குச் சதி செய்யவில்லை. குழந்தைகள் விளையாடும் மணலோடு களிமண் பொடியையும் டயட்டம் மண்ணையும் கலந்த பிறகுதான் சக்கரம் செவ்வாயில் புதைந்த மாதிரி புதைந்தது. நீச்சல் குள வடிகட்டியில் போடுவார்களே, அந்தப் பொடிதான் டயட்டம் மண். விண்வெளி ஆய்வின் உச்சியில் இருப்பவர்கள் மூட்டை மூட்டையாக அதைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்ததை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

கூடுதலாக இன்னொரு தலைவலியும் இருந்தது. சில நாட்களுக்கு முன்பே வலது முன்சக்கரத்தின் திருப்பு மோட்டார் செயலிழந்து, அந்தச் சக்கரம் ஏழெட்டு டிகிரி உள்நோக்கித் திரும்பிய நிலையிலேயே நின்றுவிட்டது. சமதரையில் இது பெரிய விஷயமில்லை. புதைந்த நிலையில் அது மணலைக் குறுக்கே தள்ளும்.

தொட்டியில் பல உத்திகளைச் சோதித்துப் பார்த்ததில் கடைசியாகத் தேறியது சாதாரணமான வழிதான்: திருப்ப முடிந்த சக்கரங்களை நேராக்கிவிட்டு, ஒரே கோட்டில், பொறுமையாகச் சுற்றிக்கொண்டே இருப்பது. மே 13 அன்று முதல் முயற்சி. வழுக்காத தரையாக இருந்தால் இரண்டு மீட்டர் போகும் அளவுக்கு, அதாவது இரண்டரைச் சுற்று, சக்கரங்களைச் சுழற்றச் சொன்னார்கள். வண்டி 2.8 சென்டிமீட்டர் நகர்ந்தது. கூடவே பக்கவாட்டில் அரை சென்டிமீட்டர் அளவு விலகி, ஏறக்குறைய அதே அளவு கீழேயும் இறங்கியது.

இந்தக் கடைசி எண் முக்கியமானது. முன்னே போவதைவிடக் கீழே போவது அதிகமானால் கதை முடிந்தது. வயிறு மணலில் தட்டிவிட்டால் சக்கரத்தின் மேல் எடை இருக்காது, எடை இல்லாவிட்டால் பிடிப்பும் இருக்காது. அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சுழற்றி, நின்று, படமெடுத்து, எவ்வளவு முன்னே, எவ்வளவு கீழே என்று கணக்குப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த நாள் கட்டளை. எந்த அளவை ஏப்ரல் 26 அன்று யாரும் எடுக்கவில்லையோ, அந்த அளவு இப்போது சென்டிமீட்டர் சென்டிமீட்டராக எடுக்கப்பட்டது.

ஜூன் 4 அன்று ரோவர் வெளியே வந்தது. அதற்குள் சக்கரங்கள் சுழன்ற தூரம் 192 மீட்டர். வண்டி உண்மையில் நகர்ந்தது ஒரு மீட்டர் அளவு. சறுக்கல் 99 சதவீதத்துக்கு மேல்.

எத்தனை மீட்டருக்கு ஒரு தடவை சரிபார்ப்பது

இனிமேல் எல்லா ஓட்டத்திலும் விஷுவல் ஓடோமெட்ரி என்று ஒரு முடிவு எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் ஆப்பர்சூனிட்டி விக்டோரியாவை எட்டியிருக்குமா என்பதே சந்தேகம். குழு செய்தது கெட்டிக்காரத்தனமான சமரசம். சில மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடு. நில். படமெடு. கொஞ்சம் தள்ளி நகர்ந்து மறுபடி எடு. இரண்டையும் ஒப்பிட்டு, சக்கரம் சொன்ன தூரத்துக்கும் கண் சொன்ன தூரத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார். இடைவெளி வரம்பைத் தாண்டினால் அன்றைய ஓட்டம் அத்தோடு சரி, பூமியிலிருந்து ஆள் பார்க்கும்வரை அசையாதே. இதற்குச் சறுக்கல் சோதனை என்று பெயர்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ரோவர் எங்கே இருக்கிறது என்ற துல்லியமான விடை தேவையில்லை. நகர்கிறதா இல்லையா என்பது மட்டும் போதும். ஆகவே தொடர்ந்து அளக்க வேண்டியதில்லை, அவ்வப்போது மாதிரி எடுத்தால் போதும். இரண்டு சோதனைகளுக்கு நடுவே எத்தனை மீட்டர் விடலாம் என்பதற்கும் ஒரு தெளிவான அளவுகோல் கிடைத்துவிடுகிறது: அந்தத் தூரத்துக்குச் சக்கரம் சும்மா சுழன்றால் எவ்வளவு ஆழம் புதையும், அதிலிருந்து வெளியே வர முடியுமா? 50 மீட்டர் சும்மா சுழன்றால் ஐந்து வாரச் சிறை. 5 மீட்டர் என்றால் பிழைத்துக்கொள்ளலாம். வழிசெலுத்தலில் நான் பார்த்த மிக நேர்மையான பொறியியல் கணக்கு இதுதான் என்பேன். பிழை வராது என்று பாசாங்கு செய்யாமல், வந்தால் எவ்வளவு தாங்கும் என்பதை வைத்துச் சோதனை இடைவெளியைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் மெரிடியானிக்கே உரியது. விஷுவல் ஓடோமெட்ரிக்கு அடையாளப் புள்ளிகள் வேண்டும். மெரிடியானியில் பல இடங்களில் அலையலையாக ஒரே மாதிரி மணல்தான், பொருத்திப் பார்க்க ஒரு கல்கூடக் கிடையாது. அதற்கு ஓட்டுநர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேமராவைப் பின்னால் திருப்பி, ரோவர் விட்டுவந்த சக்கரத் தடத்தையே பார்க்க வைத்தார்கள். அந்த வெற்று நிலத்தில் நல்ல அடையாளம் அது ஒன்றுதான்.

சோதனைக்குச் சோதனை ஓர் ஆண்டு கழித்து வந்தது. 2006 மே மாதக் கடைசியில் ஆப்பர்சூனிட்டி மறுபடி ஒரு மணல் திட்டில் சிக்கியது. அந்த இடத்துக்கு ஜாமர்புக்ட் என்று பெயரிட்டார்கள். இந்தத் தடவை சறுக்கல் சோதனை வண்டியை நிறுத்திவிட்டது. வெளியே வர ஒன்றரை வாரம்கூடத் தேவைப்படவில்லை. அதே மாதிரி மணல், அதே வண்டி. மாறியது சோதனை இடைவெளி மட்டும்.

பாதை தேடும் பக்கம்

சரி, அல்காரிதம் பக்கமும் கொஞ்சம் போவோம். அதே காலகட்டத்தில், வேறு விதமான தோல்வி ஒன்று ஆப்பர்சூனிட்டியின் இரட்டையான ஸ்பிரிட் ரோவரில் நடந்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

மேலே சொன்ன தடை தவிர்ப்பு மென்பொருள் தன்னைச் சுற்றி 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரத்தை மட்டுமே நினைவில் வைத்திருந்தது. அதற்குள் வளைந்து போகக்கூடிய பல வில்களை எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பத்திரம், எவ்வளவு இலக்குப் பக்கம் கொண்டுபோகும் என்று மதிப்பிட்டு, அதிக வாக்கு வாங்கிய வில்லில் கொஞ்ச தூரம் போகும். நின்று மறுபடி கணக்குப் போடும். தனித்தனிக் கல்லை ஒதுக்கிப் போக இது போதும். கற்கள் சேர்ந்து குதிரைலாடம் போல ஒரு முட்டுச்சந்தாக நின்றால்? உள்ளே போகும். முட்டும். இடப்பக்கம் திரும்பும். இலக்கை விட்டு விலகுகிறோம் என்று வாக்கு குறையும். திரும்ப முன்னால் வரும். மறுபடி முட்டும். ஸ்பிரிட் இப்படி ஒரு கல் கூட்டத்தின் முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் முட்டி மோதிக்கொண்டிருந்தது. வெளியேற வேண்டுமானால் தற்காலிகமாக இலக்கை விட்டு விலகிப் போக வேண்டும், அதற்குப் பெரிய வரைபடமும் அதன் மேல் உண்மையான பாதைத் தேடலும் வேண்டும்.

பாதைத் தேடல் புதிதல்ல. ஷேக்கி என்ற ரோபோவுக்காக 1968இல் ஹார்ட், நில்சன், ராஃபேல் மூவரும் எழுதிய ஏ ஸ்டார் இன்றும் எல்லாப் பாடத்திலும் உண்டு. அதில் ஒரு சங்கடம்: வரைபடம் மாறினால் மொத்தத் தேடலையும் முதலிலிருந்து போட வேண்டும். தெரியாத நிலத்தில் ஓடும் ரோபோவுக்கு ஒவ்வொரு படமும் வரைபடத்தை மாற்றும். 1994இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆன்டனி ஸ்டென்ட்ஸ் வெளியிட்ட டி ஸ்டார் இதைத் தீர்த்தது. தேடலை இலக்கிலிருந்து ரோபோவை நோக்கிப் பின்னோக்கி நடத்துவதுதான் சூட்சுமம். அப்போது ஒவ்வொரு கட்டத்திலும் ‘இங்கிருந்து இலக்குக்கு எவ்வளவு செலவு’ என்ற எண் இருக்கும். ரோபோ நகர்ந்தாலும் அந்த எண்கள் செல்லுபடியாகும். புதிதாகத் தெரியவரும் கல் எப்போதும் ரோபோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், அதைச் சுற்றியுள்ள சில எண்களைத் திருத்தினால் போதும். தூரத்துக் கணக்குகளில் பெரும்பாலானவற்றைத் தொட வேண்டாம். 20 மெகாஹெர்ட்ஸ் செயலியில் இந்தச் சிக்கனத்துக்கு விலை மதிப்பே இல்லை.

அதன் மேம்பட்ட வடிவம் ஃபீல்டு டி ஸ்டார். சாதாரணக் கட்டத் தேடலில் ரோபோ 45 டிகிரியின் மடங்குகளில்தான் திரும்ப முடியும். இலக்கு 20 டிகிரியில் இருந்தால் கொஞ்சம் நேராக, அப்புறம் கொஞ்சம் மூலைவிட்டமாக என்று தேவையில்லாமல் ஒரு முழங்கை மடிப்போடு போகும். ஃபீல்டு டி ஸ்டார் கட்டத்தின் விளிம்பில் எந்தப் புள்ளி வழியாகவும் கடக்க அனுமதிக்கிறது. விளிம்பின் இரு முனைகளிலும் உள்ள செலவுகளை வைத்து நடுப் புள்ளியின் செலவை ஊகித்துக்கொள்கிறது. 2006இல் பூமியிலிருந்து அனுப்பிய மென்பொருள் புதுப்பிப்பில் இது இரண்டு ரோவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பக்கத்துக் கற்களை ஒதுக்கும் வேலை பழைய வில்களிடமே இருந்தது. 50 மீட்டர் சதுர வரைபடத்தில் சுற்றுவழி கண்டுபிடித்து, எந்த வில்லுக்கு வாக்களிக்கலாம் என்று சொல்வது புதியவரின் வேலை.

ஆனால் பர்கட்டரியில் ஃபீல்டு டி ஸ்டார் இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. செலவு வரைபடத்தில் அந்தத் திட்டு ‘போகலாம்’ என்ற கட்டமாகத்தான் இருந்திருக்கும். பாதைத் தேடல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், கட்டத்துக்குள் இருக்கும் எண்ணை அது கேள்வி கேட்பதில்லை.

பிறகு நடந்தவை

மணலின் கணக்கு அத்தோடு தீரவில்லை. ஸ்பிரிட்டின் வலது முன்சக்கர மோட்டார் 2006 மார்ச்சில் செயலிழந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2009 வசந்தத்தில், ஐந்து சக்கரத்தோடு போய்க்கொண்டிருந்த ஸ்பிரிட் மேலே கெட்டியாகத் தெரிந்த ஒரு மேலோட்டை உடைத்துக்கொண்டு அடியில் இருந்த இளகிய சல்பேட் மணலுக்குள் இறங்கியது. இந்தத் தடவை சறுக்கல் தெரிந்தே இருந்தது, தொட்டிச் சோதனையும் நடந்தது. ஆனாலும் வெளியே வர முடியவில்லை. 2010 ஜனவரியில் இனி அது நகராத ஆய்வுக்கூடம் என்று நாசா அறிவித்தது. மார்ச் மாதத்துக்குப் பிறகு அதனிடமிருந்து செய்தி இல்லை. மேலோட்டுக்கு அடியில் இருப்பதை எந்தக் கேமராவாலும் பார்க்க முடியாது என்பதால், இந்த வகைத் தோல்வியை வழிசெலுத்தல் மென்பொருளின் மேல் ஏற்றுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

2014 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ரோவர் ஹிடன் வேலி என்ற மணல் பள்ளத்தாக்கில் இறங்கியபோது எதிர்பார்த்ததைவிட அதிகம் சறுக்கியது. முன்னே போக இன்னும் இடம் இருந்தும், குழு அதைத் திரும்ப அழைத்துக்கொண்டு வேறு வழி தேடியது. ஆப்பர்சூனிட்டியோ 2018 ஜூனில் புழுதிப் புயலில் தொடர்பு அறும்வரை 45 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது.

2021இல் தரையிறங்கிய பெர்சிவரன்ஸ் ரோவர் இந்தப் பேரத்தையே பெருமளவு கலைத்துவிட்டது. படம் பொருத்தும் வேலைக்கென்றே தனிக் கணினியும் அதில், குறிப்பிட்ட வேலைக்கேற்ப உள்சுற்றை அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பும் இருப்பதால், சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தான் நகர்ந்ததை அளக்கவும் அடுத்த பாதையை யோசிக்கவும் அதனால் முடிகிறது. நின்று யோசிக்கும் நேரம் போய்விட்டதால், தானாக ஓட்டிக்கொண்டே மணிக்கு 100 மீட்டரைத் தாண்டும். வேகமா, சரிபார்ப்பா என்று 2005இல் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இங்கே இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது.

கிடங்கிலும் கல்லூரி ஆய்வகத்திலும்

இந்த நிகழ்வைச் செவ்வாய்க் கதையாக மட்டும் படிக்க வேண்டியதில்லை. ரோபோக்களுக்கான ராஸ் மென்பொருளில், அதன் வழிசெலுத்தல் தொகுப்பான நாவ்2 வைத்து ரோபோ ஓட்டுபவர்கள் இதே பள்ளத்தின் விளிம்பில்தான் நிற்கிறார்கள். நாவ்2இல் முன்னேற்றத்தைக் கண்காணிக்கும் பகுதி ஒன்று உண்டு. இயல்பு அமைப்பில், 10 விநாடிக்குள் ரோபோ அரை மீட்டர் நகரவில்லை என்றால் சிக்கிக்கொண்டதாக முடிவு கட்டி, ஓட்டத்தை நிறுத்தி மீட்பு நடவடிக்கைக்குக் கைமாற்றும். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த அரை மீட்டரை அது எங்கிருந்து அளக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான அமைப்புகளில் ஓடோம் சட்டகத்தில், அதாவது கிளம்பிய இடத்திலிருந்து நகர்வைக் கூட்டிக்கொண்டே போகும் கணக்கில், ரோபோவின் இடத்தைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. அந்த ஓடோம் வெறும் சக்கர என்கோடரிலிருந்து வந்தால், எண்ணெய் சிந்திய தரையிலோ கதவுப் படியிலோ சக்கரம் சும்மா சுழலும்போது கண்காணிப்பாளரின் பார்வையில் ரோபோ ஜோராக முன்னேறிக்கொண்டிருக்கும். லேசரால் சுற்றுப்புறத் தூரங்களை அளக்கும் லைடாரின் பொருத்தம் வரைபடத்தில் இடத்தைத் திருத்திக்கொண்டே இருக்கலாம், ஆனால் அந்தத் திருத்தம் ஓடோம் சட்டகத்துக்குள் வராது.

ஐஎம்யூவை (கைரோவும் முடுக்கமானியும் சேர்ந்த உணரி) சேர்த்து, பல உணரிகளின் அளவுகளைக் கலந்து கணக்கிடும் கால்மன் வடிகட்டி போட்டுவிட்டோம் என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். கைரோ திருப்பத்தைத்தான் காப்பாற்றும். நேராகச் சுழலும் சக்கரத்தை, மெதுவாகப் போகும் வண்டியில், முடுக்கமானி காட்டிக்கொடுக்காது. வெளித் தரையையோ சுவரையோ பார்த்து நகர்வை அளக்கும் ஏதோ ஒன்று வேண்டும்: விஷுவல் ஓடோமெட்ரி, அடுத்தடுத்த லைடார் வருடல்களைப் பொருத்துவது, தரையைப் பார்க்கும் ஆப்டிகல் ஃப்ளோ சென்சார். தொடர்ந்து ஓட்டக் கணினிச் சக்தி இல்லை என்றால் ஆப்பர்சூனிட்டி செய்ததுபோல சில மீட்டருக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாலும் போதும்.

உங்கள் ரோபோவில் இது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். ஓடும் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி அடியில் இரண்டு கட்டைகளை வையுங்கள். எதிரே நாலு மீட்டரில் ஒரு இலக்கு கொடுங்கள். சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகு, சிக்கிக்கொண்டோம் என்று அதுவாகவே சொல்லி நிற்க எத்தனை விநாடி எடுக்கிறது, அல்லது இலக்கை அடைந்துவிட்டேன் என்று சொல்கிறதா என்று திரையில் பாருங்கள்.